கன்னம் ஏன் ஒட்டிப்போகிறது?

ஹாலிஎல சந்தியில், வெலிமடை ரோட்டும் பண்டாரவளை ரோட்டும் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. பதுளை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்கா தன் பழைய அடையாள அட்டையை மேசையில் வைத்தார். படத்தில் இருந்தவருக்குக் கன்னம் இரண்டும் உப்பலாக, கண்ணுக்குக் கீழே மேடு தட்டி இருந்தது. “மூணு வேளையும் சாப்புடுறேன் தம்பி, ஒடம்பும் எளைக்கல. மொகம் மட்டும் ஏன் இப்படி ஒட்டிப்போச்சு?” என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முகம் வாடினால் தோலைத்தான் குற்றம் சொல்கிறோம், தோலுக்குத்தான் கிறீம் வாங்குகிறோம். கோளாறு தொடங்குவது பெரும்பாலும் அதற்கு அடியில். கண்ணுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள், எலும்பின் விளிம்பு தட்டுப்படும். வயது ஏற ஏற அந்த எலும்பே கரைகிறது. கண்குழி அகலமாகிறது, மேல் தாடை பின்வாங்குகிறது, மூக்கின் அடியில் இருக்கும் எலும்புத் துவாரம் பெரிதாகிறது, கீழ்த் தாடையின் உயரம் குறைகிறது. இளையவர்களின் மண்டையோட்டையும் முதியவர்களின் மண்டையோட்டையும் சீ.டீ. ஸ்கேனில் அளந்து ஒப்பிட்டவர்கள் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். தேயிலை மலையில் கல்லுக்கட்டு சரிந்தால் மேலே இருக்கிற மண்ணும் சேர்ந்து இறங்கும் அல்லவா, முகத்திலும் அதுதான் நடக்கிறது.

எலும்புக்கு மேலே கொழுப்பு. இது முகம் முழுக்க ஒரே படலமாகப் பரவியிருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் டெக்சஸில் ரோரிச், பெஸா என்ற இரண்டு வைத்தியர்கள் இறந்தவர்களின் முகங்களில் நீலச்சாயத்தை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். சாயம் எங்கும் பரவவில்லை, ஏற்றிய இடத்திலேயே வரப்புக் கட்டியதுபோல நின்றுவிட்டது. முகக்கொழுப்பு தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று 2007இல் அவர்கள் எழுதினார்கள். ஒவ்வோர் அறையும் தன் போக்கில் மூப்படைகிறது. நடுக்கன்னத்தின் ஆழத்தில் இருப்பதும் நெற்றிப்பொட்டில் இருப்பதும் வற்றுகின்றன, தாடையோரத்தில் இருப்பது தொங்குகிறது. உடம்பு இளைக்காமலே கன்னம் மட்டும் குழி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது உலகத்தில் எல்லோருக்கும் பொது. மலையகத்து முகத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. அது வாய்க்குள் இருக்கிறது.

1970இல் ஹாரல்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்திய அறிஞரும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பல் வைத்தியமே கண்டிராத 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார்கள். எல்லோரும் 14 வயதுக்கும் 31 வயதுக்கும் இடைப்பட்ட தமிழர்கள். பிறகு பல தடவை திரும்பி வந்து பார்த்து, 15 ஆண்டுக் கணக்கை 1986இல் வெளியிட்டார்கள். அந்த மனிதர்களுக்குப் பற்சொத்தை அநேகமாக இல்லை. இருந்தது முரசு நோய். 100இல் 11 பேருக்கு அது முரசின் மேலோடு நின்றது, 81 பேருக்கு மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது, 8 பேருக்கு வேகமாக அரித்தது. அந்த 8 வீதத்தினர் 45 வயதாகும்போது எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள். உலகமெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கிற ஆய்வு இது. வைத்தியம் பார்க்காவிட்டால் முரசு நோய் எப்படி வளரும் என்பதை உலகம் நம்மவர்களின் வாயைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டது. அந்த அறிவு நம் லயங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

பல்லுக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? தாடையில் பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனால் அதற்கு வேலை இல்லை, கரையத் தொடங்கிவிடும். முதல் ஆண்டில்தான் மிக வேகமாகக் கரையும், பிறகு ஆயுள் முழுக்க மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். கீழ்த் தாடையில் அந்தக் கரைவு மேல் தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு. உதடு உள்ளே மடியும், மூக்கும் நாடியும் நெருங்கும், கன்னத்துக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்க எதுவும் இருக்காது. அக்காவிடம் கடைவாய்ப் பற்களைப் பற்றிக் கேட்டேன். கையால் வாயை மூடிக்கொண்டு, “மேல ரெண்டு பக்கமும் இல்ல தம்பி” என்றார். அடையாள அட்டைக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது.

அடுத்தது வெற்றிலை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. புற்று வருவதற்கு முன்பே பாக்கு இன்னொரு வேலை செய்கிறது. கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கிவிடுகிறது. உறைப்புப் பட்டால் வாய் எரியும், உட்கன்னம் வெளிறும், வாய் அகலத் திறக்காது, வெளியில் கன்னம் ஒடுங்கும். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த இறுக்கம் பிறகு புற்றாக மாறக்கூடும். இலங்கை ஆண்களுக்கு ஆக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

வெயிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. குளிராக இருக்கிறதே என்று மலையில் நிற்பவருக்கும் தோல் வேகிறது. நம் கறுப்பு நிறம் ஓரளவு காக்கிறது, அதனால்தான் சுருக்கம் நமக்குப் பிந்தி வருகிறது. ஆனாலும் காலை முதல் மாலை வரை கொழுந்து எடுக்கிற முகத்துக்கு அந்தக் காவல் போதாது. அவுஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடந்த சோதனையில், தினமும் சன்கிறீம் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிட 24 வீதம் குறைவாகவே மூப்படைந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் சன்கிறீமுக்கு வழியில்லை என்று எனக்குத் தெரியும். நெற்றியோடும் கன்னத்தோடும் நிழல் விழுகிற மாதிரி தலைத்துண்டைக் கட்டுவதும் அகலத் தொப்பி போடுவதும் அதே வேலையை ஓரளவு செய்யும்.

“ஊசி போட்டா சரியாகுமாமே, கொழும்புல போடுறாங்களாம்” என்று அக்கா கேட்டார். ஆகும், கொஞ்ச காலத்துக்கு. ஹயலூரோனிக் அமிலத்தை நிரப்பும் ஊசி பெரும்பாலும் 6 மாதம் முதல் 18 மாதம் வரை நிற்கும், பிறகு கரைந்துவிடும். வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் வைப்பதும் உண்டு. கை தேர்ந்த வைத்தியர் செய்தால் பலன் தெரியும். தப்பித் தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், கண் பார்வைகூடப் போகலாம். ஆகவே அழகு நிலையத்தில் ஒருபோதும் போட்டுக்கொள்ளக் கூடாது. முகப் பயிற்சிக்கும் கொஞ்சம் பலன் இருக்கலாம். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வாரம் பயிற்சி செய்த பெண்களின் கன்னம் சற்று நிறைந்தது, ஆனால் கடைசிவரை செய்தவர்கள் 16 பேர்தான். கிறீம் எதுவும் கரைந்த எலும்பையோ வற்றிய கொழுப்பையோ திருப்பித் தராது. வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் இருக்கிற தோலும் மெலிந்துபோகும்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கிற காசையும் நேரத்தையும் முதலில் வாய்க்குச் செலவழியுங்கள். அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவில் முரசைச் சுத்தம் செய்யக் காசு இல்லை. பல் போனவர்கள் பற்செட்டைக் கல்யாண வீட்டுக்கு மட்டும் போடாமல் தினமும் போடுங்கள், இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். எலும்பு கரையக் கரைய செட் தளரும், அப்போது அடிப்பாகத்தைத் திரும்ப நிரப்பித் தருவார்கள். சிகரெட்டையும் பீடியையும் வெற்றிலையையும் விடுங்கள். ரொட்டியும் சம்பலுமாக நாளை ஓட்டாமல், முட்டையோ பருப்போ நெத்தலியோ ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்கு மேல் பட்டினி கிடந்து மெலிந்தால் முகம்தான் முதலில் கிழடு தட்டும்.

வயதால் வரும் குழி வருடக்கணக்கில் மெதுவாக விழும். இரண்டு மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டி, உடுப்பும் தளர்ந்தால் அது மூப்பு இல்லை. சீனி வருத்தமோ, தைரொயிட்டோ, காசநோயோ, புற்றோ இருக்கலாம். வயதாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல் அந்த வாரமே பதுளை போதனா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.