கைக்குள் அடங்கும் ராமன் கருவி

மருந்துத் தொழிற்சாலைக் கிடங்கில் வந்திறங்கும் மூலப்பொருள் பெரும்பாலும் வெள்ளைப் பொடிதான். எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. இன்று பல இடங்களில் பையைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறைமேலேயே ஒரு கைக்கருவியை வைத்து அழுத்துகிறார்கள். சிறிது நேரத்தில் பொருளின் பெயர் திரையில் வந்துவிடுகிறது.

அதற்குள் நடப்பது, 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட விளைவுதான். ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளி ஏறக்குறைய முழுவதும் அதே நிறத்தில் திரும்பும். கோடியில் ஒன்று என்ற அளவில் சில ஃபோட்டான்கள் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும். இதுவே ராமன் சிதறல். அந்த மாற்றம் நிறமாலையில் தனி வரிகளாகத் தெரியும்; மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும்.

ராமன் சூரிய ஒளியையும் வடிகட்டிகளையும் தம் கண்ணையும் கொண்டே அதைப் பிடித்தார். கருவிக்குக் கண் போதாது. நிறம் நகராத லேசர், லேசரின் சொந்த ஒளியை முழுக்கத் தடுக்கும் வடிகட்டி, மங்கலான ஒளியையும் உணரும் சில்லு எல்லாம் வேண்டும். விலை ஏறுவது இங்கேதான்.

மலிவாகக் கிடைப்பது 532 நானோமீட்டர் பச்சை லேசர். 785 நானோமீட்டர் லேசரைவிட நான்கரை மடங்குக்கு மேல் ராமன் சிதறலைத் தரும். ஆனால் பச்சை ஒளி பட்டால் சாயங்களும் பச்சையம் கலந்த எண்ணெய்களும் தாமே ஒளிரும். அந்த வெளிச்சத்தில் ராமன் வரிகள் மூழ்கிப்போகும். கருவியின் பெட்டியைச் சுருக்கினாலோ ஒளி விரிந்து பிரிய இடமில்லாமல் அடுத்தடுத்த வரிகள் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் அறியும் மலிவுக் கருவியைத் தேடுவதைவிட, ஒரு வேலைக்கென ஒன்று செய்வதே சரி என்பேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அது எத்தனால் போலவேதான் இருக்கும். நிறமாலையில் எத்தனாலின் வலுவான வரி 880 அலையெண் (நிற மாற்றத்தை அளக்கும் அலகு) அருகிலும், மெத்தனாலின் வரி 1030 அருகிலும் விலகி நிற்கும். இவற்றைப் பிரிக்க எளிய கருவியே போதும். தண்ணீரின் ராமன் சிதறல் மிக மங்கல் என்பதால் கலப்பும் தடையில்லை. தெளிவான கண்ணாடிப் புட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

காய்கறியில் ஒட்டிய பூச்சிமருந்து எச்சம் வேறு கதை. அவ்வளவு சிறிய அளவு நேரடியாகத் தெரியாது. வெள்ளி அல்லது தங்க நானோ துகள் பூசிய காகிதத் துண்டில் கழுவிய நீரைச் சொட்டினால் சிதறல் பல மடங்கு பெருகும். ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. அதைச் சீராக்குவதே இப்போது ஆய்வாளர்கள் மெனக்கெடும் வேலை.