இழுத்துவிடும், நிற்குமா?

"டிராக்டர் 3 டன் கரும்பை எளிதாக இழுக்கிறது, இன்னும் ஒரு டன் ஏற்றலாமா?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். இழுப்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும், நிறுத்துவதுதான் சிக்கல். நம் டிரெய்லர்கள் பலவற்றுக்கும் தனி பிரேக் கிடையாது. இறக்கத்தில் மொத்தப் பாரமும் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். திருப்பமாக இருந்தால் வண்டி மடங்கிக் கவிழும்.

கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டியே ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடாதீர்கள். டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கும்.

மிச்சக் கரும்புக்கு இன்னொரு நடை போகலாம்.