இரும்புத் துகளும் ஒரு மூட்டை யூரியாவும்

பயிர்க்கடன் பெறும் உழவரின் செலவுக் கணக்கில் யூரியா தவறாது இடம்பெறும். 45 கிலோ மூட்டையின் விலை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். உற்பத்திச் செலவு அதனினும் பன்மடங்கு. எஞ்சியதை அரசின் மானியம் ஈடுசெய்கிறது. அம்மூட்டையின் பின்னே நூற்றாண்டுக்கு மேற்பட்ட வேதியியல் வரலாறு ஒன்று உண்டு. அதன் நடுவே இருப்பது சிறிதளவு இரும்பு.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் நெல்லும் கோதுமையும் அதை நேரே உண்ண இயலாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வயல்கள் சிலி நாட்டு வெடியுப்பை நம்பியிருந்தன. அது தீர்ந்தால் உணவுக்குத் தட்டுப்பாடு வரும் என்று வில்லியம் குரூக்ஸ் 1898இல் எச்சரித்தார். 1909 ஜூலையில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியாவைச் சொட்டச் செய்து காட்டினார். (நம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.)

அவர் கையாண்ட வினையூக்கி ஆஸ்மியம். வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் மீள்வது. கொடுத்த முதல் குறையாமல் திரும்புவது போல என்றால் வங்கியில் இருக்கும் எங்களுக்கு எளிதில் விளங்கும்! ஆனால் ஆஸ்மியம் மிக அரிய உலோகம். அதைக் கொண்டு ஆலைகளை நடத்த இயலாது. கார்ல் போஷின் கீழ்ப் பணியாற்றிய அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின், இரும்புடன் சிறிது அலுமினாவும் பொட்டாசும் சேர்ந்த கலவையைக் கண்டார். 1913இல் ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபரும் போஷும் நோபல் பரிசு பெற்றனர். மிட்டாஷை அறிந்தோர் சிலரே. உழவர் முதலில் நன்றி சொல்லத்தக்கவர் அவர்தாம் என்பது எங்கள் எண்ணம். அந்த அம்மோனியா முதல் உலகப்போரில் வெடிமருந்தாகவும் மாறியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு அதைச் சார்ந்தே விளைகிறது.

தென்னிந்தியாவில் இக்கதை வேறொரு வடிவம் கொண்டது. திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943இல் நிறுவிய ஃபாக்ட் நிறுவனம், ஆலுவாவை அடுத்த பெரியாற்றங்கரையில் 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஹைட்ரஜனுக்காக அங்கே எரிவாயுவோ நிலக்கரியோ பயன்படவில்லை, விறகை வாயுவாக்கினர். பின்னர் நாஃப்தா வந்தது, விறகு மறக்கப்பட்டது.

1998இல் பால் அனஸ்டாசும் ஜான் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகளுள் வினையூக்கமும் ஒன்று. புதுப்பிக்கத்தக்க மூலப்பொருளும் ஒன்று. அம்மோனியா ஆலை முன்னதை என்றோ நிறைவேற்றிவிட்டது. பின்னதில்தான் இடறுகிறது. ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் கிடைக்கிறது. உலகின் ஆற்றல் நுகர்வில் ஏறத்தாழ 2 விழுக்காடு இத்தொழிலுக்கே செல்கிறது. நம் நாடு அந்த எரிவாயுவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. இதை மாற்றவே 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ். தசப்பாவின் குழு, வேளாண் கழிவு போன்ற உயிரிப்பொருளை ஆக்சிஜனும் நீராவியும் கொண்டு வாயுவாக்கி, ஒரு கிலோவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் பெற்றதை 2022இல் அறிவித்தது. அந்த ஒரு கிலோவில் உள்ளதோ 60 கிராம்தான். மீதியை நீராவி தருகிறது. ஆலுவாவின் விறகு வேறு உருவில் திரும்பியிருக்கிறது என்றே சொல்லலாம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. யூரியா செய்ய அம்மோனியாவுடன் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். சூரிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் அது கிடைப்பதில்லை. வைக்கோலும் உமியும் இரண்டையும் தரும். ஆனால் வைக்கோல் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது, அறுவடைக் காலத்தில் மட்டும் குவிவது. அதைத் திரட்டி, உலர்த்தி, ஆலைவரை கொண்டுசேர்க்கும் செலவு எரிவாயுவின் விலைக்கு ஈடுகொடுக்குமா என்பதே இனிப் போடவேண்டிய கணக்கு.