ஊமையான கணிப்பொறி

கணிப்பொறி பாடுவதையும் பேசுவதையும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஆயினும், அது அறிந்தவை எண்கள் மட்டுமே. குறுந்தட்டில் பதிவான இசை, நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த எண்களின் வரிசையேயாகும். அவ்வெண்களை மின்னோட்டமாக மாற்றுவது ஒலிச் சில்லு. அம்மின்னோட்டத்தால் அதிர்ந்து ஒலி எழுப்புவது ஒலிபெருக்கி. கணிப்பொறியின் செயல்கள் அனைத்தையும் நடத்தும் தலைமை நிரல், இயங்குதளம் எனப்படும். இயங்குதளத்தின் மொழி வேறு; ஒலிச் சில்லின் மொழி வேறு. இரண்டிற்கும் இடையே நின்று துபாசிபோல் தொண்டாற்றும் சிறு நிரலே இயக்கி. துபாசி தடுமாறினால் அரசனும் அயல்நாட்டுத் தூதனும் ஊமையர்போல் நிற்க நேரும் அன்றோ? அவ்வாறே, இயக்கி பழுதுபட்டால், பிற உறுப்புகள் நலமாக இருந்தும் கணிப்பொறி வாய் திறவாது.

புதிய இயங்குதளத்தை வெளியிடுமுன், அதன் முன்னோட்டப் பதிப்பைப் பலரிடம் அளித்துக் குறைகளைக் கண்டறிதல் வழக்கம். இந்நிலையில் இயக்கிகள் இடறுவது இயல்பு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் விஸ்டா இதற்குச் சான்றாகும். அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில், பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் பணி கெர்னல் எனப்படும் உட்கருவில் நடைபெற்றது. அங்கே பிழை நேர்ந்தால் கணிப்பொறி முழுவதுமே நிலைகுலையக்கூடும். ஆதலின், விஸ்டாவை அமைத்தோர் அப்பணியை உட்கருவினின்றும் வெளியே கொணர்ந்தனர். ஏற்பாடு நல்லதே, ஆயினும், பழைய முறைக்கென எழுதப்பட்ட இயக்கிகள் பல தடுமாறின. இரண்டாம் முன்னோட்டப் பதிப்பு 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2007 சனவரி 30ஆம் நாள் தொடங்கியது. புதிய முறைக்கேற்ப இயக்கிகளைத் திருத்தும் பொறுப்பு, சில்லு செய்வோரைச் சார்ந்தது.

இத்தகைய பழுதைத் தீர்ப்பது எங்ஙனம்? நோயின் வேரை அறியாமல் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் அல்லன். முதலில் ஒலிபெருக்கியின் கம்பி இணைப்பையும் ஒலியளவையும் பார்த்தல் வேண்டும். பின்னர், அதே ஒலிபெருக்கியை வேறொரு கருவியில் இணைத்துச் சோதித்தல் வேண்டும். அங்கே அது ஒலித்தால், குறை ஒலிபெருக்கியில் இல்லை என்பது தெளிவு. அடுத்து, கணிப்பொறியின் சாதனப் பட்டியலைக் காணவேண்டும். ஒலிச் சாதனத்தின் அருகில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தோன்றினால், இயக்கியின்மேல் ஐயம் கொள்ளலாம். புதிய இயக்கியை நிறுவியபின் ஒலி நின்றிருப்பின், முந்தைய இயக்கிக்குத் திரும்புதல் தக்கது. அதுவும் பயன்படாவிடில், இயங்குதளத்துடன் வரும் பொது இயக்கியை நாடலாம். இன்டெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வகுத்த ஒலி நெறிக்கு இணங்கிய சில்லுகளுக்காக, விஸ்டாவிலேயே அத்தகைய இயக்கி ஒன்று அமைந்திருந்தது. அதில் சிறப்பு வசதிகள் சில குறையினும், ஒலி மீளும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும்; பலவற்றை ஒருங்கே மாற்றினால், பழுது நீங்கியதன் காரணம் புலப்படாது.

பாட்டுக் கேட்பதற்காகவோ இத்தனை பாடு எனச் சிலர் வினவலாம். பார்வையற்றோருக்குக் கணிப்பொறியின் குரலே கண். திரையில் உள்ளவற்றை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்னும் நிரலை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கினார். அந்நிரல் விலையின்றிக் கிடைக்கிறது. அதனைக் கேட்டே பணியாற்றும் ஒருவரின் கணிப்பொறியில் ஒலி நின்றால், அவருக்குத் திரை முழுவதும் இருண்டுவிடும். ஒலி நின்றமையை அறிவிக்கும் சொற்களைக்கூட அவர் அறிய இயலாது.

ஆகவே, முன்னோட்டப் பதிப்பைச் சோதிப்போர், தம் கணிப்பொறியில் ஒலி மீண்டதும் அமைதலாகாது. பதிப்பின் எண், சில்லின் பெயர், பழுது தோன்றிய முறை, அதனை நீக்கிய வழி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, இயங்குதளத்தை அமைப்போருக்கு அறிவித்தல் அவர்தம் கடமை. ஒருவர் பொறுமையுடன் எழுதும் அக்குறிப்பு, முகமறியாத மற்றொருவரின் கணிப்பொறி ஊமையாகாமல் காக்கும்.