ஏரிக்கரையில் ஒரு சைக்கிள் பயணம்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்து எழுந்த மதில்கள், 1677ஆம் ஆண்டில் சிவாஜி அவற்றைக் கைப்பற்றியது, பின்னர் 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அங்கு முற்றுகையிட்டுக் கிடந்தது என்று சரித்திரம் படித்தவர்கள் அடுக்கிக்கொண்டே போவர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சிக் கோட்டை ஒன்றே.

ஆனால், இராஜகிரியின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குகிறவர் காண்பது மதில்களை மட்டுமன்று. பாறைக் குன்றுகளின் காலடியில் விரிந்து கிடக்கும் சமவெளியையும், அதனிடையே ஏரிகளையும், ஏரிகளைச் சுற்றி வளைந்து செல்லும் செந்நிறக் கோடுகளையும் காண்கிறார். அந்தக் கோடுகளே ஏரிக்கரைகள். சரளையும் செம்மண்ணும் கலந்து இறுகிய கரைப்பாதைகள். அப்பாதைகளில் சைக்கிளில் செல்வதைப் பற்றியே இக்கட்டுரை.

தார் போடாத சரளைப் பாதைகளில் நெடுந்தூரம் சைக்கிளில் செல்வது இன்று மேல்நாடுகளில் பெரிதும் பரவியுள்ள வழக்கம். மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளில், மலைகளை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, நெல்வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் நடுவே செல்லும் பாதைகளை இதற்கென விரும்பித் தேடுகிறார்கள். ஸ்பெயின் நாட்டில் எப்ரோ ஆற்றின் கழிமுகமும், வாலென்சியா நகருக்குத் தெற்கே உள்ள அல்புபெரா ஏரிப்பகுதியும், பிரான்சின் தென்கோடியில் காமார்க் பகுதியும் அத்தகையவை. மூன்றும் நெல் விளையும் நிலங்கள். மூன்றிலும் நாரைகளும் பூநாரைகளும் வந்து தங்குகின்றன. வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நாற்றங்காலைப் பார்க்கும் அந்நாட்டவர் ஒருவரைச் செஞ்சிச் சீமையில் கொண்டுவந்து விட்டால், தம் ஊருக்கே வந்துவிட்டதாக எண்ணினாலும் வியப்பில்லை.

இப்பயணத்துக்கென அவர்கள் செய்யும் சைக்கிள்களில் 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர்களைப் பெரும்பாலும் பூட்டுகிறார்கள். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். அப்போது டயர் சரளைக்கல்லின் மேல் துள்ளாமல், அதைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு உருள்கிறது. கைக்கும் இடுப்புக்கும் அதிர்ச்சி குறைகிறது. இதைக் கேட்டு நம் அங்கத்தினர்கள் மலைக்க வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலந்தொட்டு நெல்மூட்டையும் பால்கேனும் நூல்கட்டும் சுமந்த கறுப்பு நிறக் கனத்த சைக்கிளின் டயர் 28 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குல அகலமும் உடையது. அந்த அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். மேல்நாட்டார் புதிதாகக் கண்டடைந்த அளவு நம் வீட்டுத் திண்ணையில் எப்போதும் சாய்ந்தே இருந்திருக்கிறது. அவர்களுடைய வண்டி எடை குறைந்தது, பல்சக்கரங்கள் பல கொண்டது என்பதே வேற்றுமை. கரைப்பாதையில் அந்த வேற்றுமையால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஏனெனில் ஏரிக்கரைக்கு ஏற்றமும் இறக்கமும் இல்லை.

நான் கரைப்பாதைக்கு வந்து சேர்ந்தது பொழுதுபோக்குக்காக அன்று. அதைச் சொல்வதில் எனக்குச் சற்று நாணம் உண்டு. ஆயினும் சொல்லவேண்டியதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, செஞ்சிப் பகுதியில் ஒரு கிராமச் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்ய நான் அனுப்பப்பட்டேன். தார்ச்சாலை வழியே மோட்டார் சைக்கிளில் சென்றேன். சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து ஏடுகளைப் புரட்டினேன். பயிர்க்கடன் பெற்ற அங்கத்தினருள் ஒன்பது பேர் தவணை தவறியிருந்தனர். ஒன்பது பேரின் நிலமும் ஒரே ஏரியின் ஆயக்கட்டில் இருந்தது. அவ்வாண்டு ஏரி நிரம்பியிருந்தது; அதே ஆயக்கட்டில் மற்றவர்கள் கடனைச் செலுத்தியும் இருந்தனர். எனவே, “செலுத்தும் வசதி இருந்தும் செலுத்தாதவர்கள்” என்று அந்த ஒன்பது பேரையும் குறித்து அறிக்கை எழுதினேன். ஏட்டின்படி அதில் பிழையில்லை.

மறு ஆண்டு அச்சங்கத்துக்குச் சென்றபோது என் வண்டி பழுதாகிவிட்டது. பக்கத்துக் கிராமத்துக்குப் போகவேண்டியிருந்ததால் சங்கத்துக் காவலாளியின் சைக்கிளை இரவல் வாங்கினேன். “ரோட்டு வழி சுத்து சார், ஏரிக்கரை மேலயே போங்க” என்றார் அவர். அவ்வாறே சென்றேன்.

கரையின் ஒருபுறம் நீர். மறுபுறம் பதினைந்தடிக்குக் கீழே வயல். மதகைக் கடந்தேன். வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதை வாய்க்காலை ஒட்டி இறங்கியதால் நானும் அதனோடு சென்றேன். அரை கிலோமீட்டர் சென்றதும் வாய்க்காலுக்குள் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. அதற்கப்பால், லாரி செல்வதற்காக யாரோ மண்ணைக் கொட்டி வாய்க்காலை மேடாக்கியிருந்தனர். நீர் அங்கேயே தேங்கிப் பக்கத்து வயல்களில் வழிந்தது. மேட்டைத் தாண்டினால் வெடித்த நிலம். அந்த நிலத்துச் சர்வே எண்களை நான் அறிவேன். சென்ற ஆண்டு என் கையாலேயே எழுதியவை அவை.

அங்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகப் பேசவில்லை. “ரோட்டு மேல வந்தா ரோடுதான் தெரியும்ங்க ஐயா. கரை மேல வந்தாத்தானே தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். சங்கத் தலைவர் ஆயக்கட்டு விவசாயிகளைக் கூட்டினார். உரிய அலுவலகத்தின் அனுமதியுடன் மண்மேடு அகற்றப்பட்டது. இரண்டு நாட்கள் அங்கத்தினர்களே மண்வெட்டியுடன் இறங்கி வாய்க்காலைச் செப்பனிட்டனர். அடுத்த அறுவடைக்குப்பின் ஆறு பேர் கடனை முழுதும் செலுத்தினர். இருவருக்குத் தவணை நீட்டிக்கப்பட்டது. ஒருவர் மட்டும் அதற்குள் தம் பங்கு நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டிருந்தார். ஏட்டில் அது “வசூல்” என்றே பதிவாகியிருக்கிறது.

அன்று முதல், கரை உள்ள ஊருக்குச் சென்றால் கரைவழியே செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். மோட்டார் வண்டியில் செல்பவன் பாதையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். நடந்து செல்பவனோ ஒரு நாளில் ஓர் ஏரியைத்தான் சுற்றமுடியும். சைக்கிளில் செல்பவன் ஒரே காலையில் மூன்று, நான்கு ஏரிகளைக் காணலாம். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். கரையில் நண்டு வளையோ எலி வளையோ உண்டா, மதகின் கதவு இறங்குகிறதா, கலங்கலின் கற்கள் பெயர்ந்துள்ளனவா என்பவையெல்லாம் அந்த வேகத்தில் கண்ணில் படுகின்றன.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பது கணக்கு. அவற்றின் கரைகள் மழைக்காலத்துக்கு முன் பார்க்கப்படவேண்டும் என்பதைச் செஞ்சிச் சீமைக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நமக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்தக் கரை தாங்கும், எது தாங்காது என்பதை மழை வந்தபின் அறிந்து பயனில்லை.

நெசவாளர் அங்கத்தினர்கள், “இது பயிரிடுவோர் சங்கதி” என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. பாவைத் தறியில் ஏற்றுமுன், விடியற்காலையில் தெருவில் நீள விரித்துக் கஞ்சியிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்து வந்து அறுந்த இழைகளை முடிவது தங்கள் தொழிலில் வழிவழியாக வந்த முறை. தறியில் ஏறியபின் இழையைத் தேடுவது எவ்வளவு தொல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கரையைச் சுற்றி வருவதும் அத்தகைய வேலையே.

முன்னர்க் கூறிய வாலென்சியா நகரில் ஒரு வழக்கம் உண்டு. பாசன வாய்க்கால்களைச் சேர்ந்த விவசாயிகள் தம்முள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாயிலில் கூடி, தண்ணீர்த் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்தத் தண்ணீர் மன்றத்தை 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கு அழகிய வயற்பாதைகள் நிலைத்திருப்பதற்குக் காரணம், அவற்றை ஒட்டிய வாய்க்கால்களுக்கு உரியவர்கள் இருப்பதே. நம் நாட்டிலும் குடிமராமத்து என்ற பழைய முறை இருந்தது. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உள்ளன. முறை இல்லாமற் போகவில்லை. கரைமேல் ஏறிப் பார்க்கும் பழக்கமே குறைந்துவிட்டது.

பயணம் செய்ய விரும்பும் அங்கத்தினர்களுக்குச் சில குறிப்புகள் கூறுவேன். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றைத் துணையாகக் கொண்டு தென்கிழக்காகச் சென்றால் வீடூர் அணையை அடையலாம். 1958-59இல் கட்டப்பட்ட அவ்வணை தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம் அளிப்பது. இரண்டு நாள் அவகாசம் உள்ளவர்கள் மேலும் கிழக்கே, வானூர், மரக்காணம் வட்டங்களில் உள்ள கழுவேலிக்குச் செல்லலாம். சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கிக் கடலோடு கலக்கும் உவர்நீர்ச் சதுப்பு அது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்டது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பனிக்காலத்தில் பூநாரைகளையும் உள்ளான்களையும் அங்குக் காணலாம்.

தை, மாசி மாதங்கள் மிகவும் உகந்தவை. மழை பெய்த மறுநாள் கரைமேல் ஏறலாகாது. செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொள்வதோடு, ஈரக்கரையில் விழும் தடம் அடுத்த மழைக்கு நீர் அரிக்கும் வழியாகும். கருவேல முள் டயரைத் துளைக்கும். ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றுப் பம்பும் கையில் இருக்கவேண்டும். பாதையில் நெல்லோ மணிலாவோ உலர்த்தியிருந்தால் இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிச் செல்லவேண்டும். சரணாலயத்தில் பறவைகளை அணுகாமல் தொலைவிலிருந்தே பார்த்தல் நன்று.

கோட்டைக்கு உலகப் புகழ் வந்திருப்பதால், இனி வருவோர் தொகை பெருகலாம். அவர்களுள் சிலர் கரைப்பாதைகளையும் தேடி வரலாம். அவர்களுக்கு நாலைந்து சைக்கிள்களை வாடகைக்கு விடுவதும், மணிலாவும் கைத்தறித் துண்டும் விற்பதும் சங்கங்களால் இயலாத காரியமல்ல. ஆனால் வருவோர்க்குக் காட்டுவதற்கு முன், கரையை நாம் பார்த்திருக்கவேண்டும்.

ஆகவே சங்கத் தலைவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளுக்கொரு சைக்கிளில் தங்கள் ஏரியின் கரையை மதகு முதல் கலங்கல் வரையும், பின்னர் வாய்க்காலைக் கடைமடை வரையும் ஒருமுறை சென்று பாருங்கள். கண்டதை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடன் ஏட்டைப் புரட்டட்டும். என்னைப் போல் ஓராண்டு பிந்தி அவர் கரைக்கு வரவேண்டாம்.