பட்டாணி சைஸில் ஒரு ஹெட் ஆபீஸ்!

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி உடம்பைப் பற்றி எழுதினால் டாக்டர்கள் முறைப்பார்கள். ஆனாலும் இந்தச் சமாசாரத்தை ஆபீஸ் பாஷையில் சொன்னால்தான் நமக்கெல்லாம் சட்டென்று விளங்கும் என்பதால் துணிந்துவிட்டேன்.

ஒரு ஆசாமியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 32. கல்யாணமாகி மூன்று வருஷம். கொஞ்ச நாளாக 'அந்த' விஷயத்தில் சுத்தமாக ஆர்வமில்லை. மனைவி ஜாடையாகக் கேட்டு, அழுது, சண்டை போட்டு, இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார். நம்மவர், "ஆபீஸ்ல டார்கெட் டென்ஷன்" என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறார். அடிக்கடி தலைவலி. தைலமும் ஃபில்டர் காபியும் போதும் என்று விட்டுவிட்டார். பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் ஆட்டோ கடைசி நிமிஷத்தில்தான் தெரிகிறது. கண்ணாடிக் கடைக்குப் போனால், போர்டில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுகிறார். "கண்ணு பர்ஃபெக்ட் சார்!"

ஆர்வமின்மை, தலைவலி, ஆட்டோ... மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. அந்தக் காரணத்தின் பெயர், பிட்யூட்டரி கட்டி.

ஜி.எம். எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

மூக்குக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், எலும்பில் ஒரு சின்னப் பள்ளம். பார்க்கக் குதிரைச் சேணம் மாதிரி இருப்பதால் 'துருக்கிச் சேணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி. எடை சுமார் அரை கிராம்!

ஆனால் அதிகாரமோ ஜெனரல் மானேஜர் ரேஞ்சுக்கு. தைராய்டு, அட்ரினல், விதைப்பை எல்லாம் பிராஞ்ச் ஆபீஸ்கள். "நீ இவ்வளவு சுர, நீ கொஞ்சம் அடங்கு" என்று ஹார்மோன் மூலமாக சர்க்குலர் அனுப்புவது பிட்யூட்டரிதான். அதற்கும் மேலே ஹைபோதாலமஸ் என்று ஒரு சேர்மன் உண்டு.

சில சமயம் இந்த ஆபீஸில் ஒரு செல் கன்னாபின்னாவென்று பெருகி, கட்டியாகிவிடுகிறது. ஆண்களுக்கும் கொஞ்சமாகச் சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் (பெண்களுக்குத் தாய்ப்பால் சுரக்க உதவுவது இதுதான்) அளவுக்கு மீறிக் கொட்ட ஆரம்பித்தால், அந்தக் கட்டிக்கு 'புரோலாக்டினோமா' என்று பெயர். ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

புரோலாக்டின் ஏறினால் என்ன ஆகும்? விதைப்பைக்குப் போக வேண்டிய சர்க்குலர் நின்றுபோகும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். ஆசை குறையும், விறைப்பு குறையும், விந்தணு குறையும். சோர்வு வரும். சிலருக்கு மார்பு பெருக்கும்.

ஜட்கா குதிரைப் பார்வை

கட்டி வளர்ந்தால் அடுத்த தொல்லை. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் குறுக்கே சந்திக்கின்றன. கட்டி கீழேயிருந்து முட்டினால், இரண்டு பக்கமும் வெளிப்புறப் பார்வை மெல்ல மங்கும். கண்ணுக்கு மறைப்புக் கட்டிய ஜட்கா குதிரை மாதிரி நேரே இருப்பது மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கண்ணாடிக் கடையில் பாஸ்! பக்கப் பார்வையை அளக்க 'பெரிமெட்ரி' என்ற தனிப் பரிசோதனை வேண்டும். கண் டாக்டரிடம் கேட்டால் செய்வார்.

கட்டி என்றால் கேன்ஸரா?

அநேகமாக இல்லை. பிட்யூட்டரியில் கேன்ஸர் என்பது மிக மிக அபூர்வம். இன்னொரு ஆச்சரியம்: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தால், ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இங்கே ஒரு குட்டிக் கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் அது ஒரு வம்புக்கும் போகாது. 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சின்னது, அதற்கு மேல் பெரியது என்று கணக்கு.

இங்கேதான் ஆண்களின் கதை சோகமாகிறது. பெண்களுக்கு இதே கட்டி வந்தால் மாதவிலக்கு நின்றுபோகும். உடனே டாக்டரிடம் போவார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டுவிடும். நாம்? வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று வருஷக்கணக்கில் மூடி மறைக்கிறோம். 'வாலிப வயோதிக அன்பர்களே' விளம்பரத்தைப் பார்த்து, லாட்ஜ் ரூமில் லேகியம் வாங்குகிறோம். இல்லாவிட்டால் ஜிம் நண்பர் சிபாரிசில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. (குழந்தை வேண்டுகிறவர் இதைத் தானாகப் போட்டுக்கொண்டால் இருக்கிற விந்தணுவும் குறையும், ஜாக்கிரதை!) கடைசியில் டாக்டரிடம் போகும்போது பல ஆண்களுக்குக் கட்டி 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறது.

ஆசை குறைந்தாலே பிட்யூட்டரி என்று அலறவும் வேண்டாம். சர்க்கரை, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில பிரஷர் மாத்திரைகள் என்று சாதாரணக் காரணங்கள்தான் அதிகம். எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியவர் டாக்டர், லேகியக்காரர் அல்ல.

சில நூறு ரூபாய் டெஸ்ட்

முதல் படி, ரத்தத்தில் புரோலாக்டினும் டெஸ்டோஸ்டிரோனும் பார்ப்பது. காலை வேளையில் எடுப்பது நல்லது. புரோலாக்டின் டெஸ்டுக்குச் செலவு பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். ஆண்களுக்குச் சாதாரணமாக 15, 20-க்குள் இருக்கும். பெரிய கட்டி இருந்தால் 200-ஐத் தாண்டி எகிறும்.

கொஞ்சமாக ஏறியிருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். 'கேஸ் டிரபிள்' என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கும். அதுவே புரோலாக்டினை ஏற்றிவிடும். சில மனநல மாத்திரைகளும் அப்படித்தான். ஆகவே சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் வலுத்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பார்க்க வேண்டியவர் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர்.

மூளைக் கட்டிக்கு மாத்திரையா?

நம்ப முடியாது, ஆனால் நிஜம். புரோலாக்டினோமாவுக்குப் பெரும்பாலும் கத்தியே தேவையில்லை. கேபர்கோலின் என்ற மாத்திரை, பொதுவாக வாரத்துக்கு இரண்டு தடவை. பத்தில் எட்டுப் பேருக்காவது புரோலாக்டின் வழிக்கு வந்துவிடுகிறது. கட்டியும் சுருங்குகிறது. மங்கிய பார்வை சில வாரங்களிலேயே தெளிவதும் உண்டு. தாமதித்தால் மட்டும் போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று உத்தரவாதமில்லை.

பக்கவிளைவு? குமட்டல், எழுந்தால் தலைசுற்றல். ராத்திரி சாப்பாட்டோடு போட்டால் குறையும். சிலருக்குத் திடீரென்று சூதாட்டம், கண்டபடி ஷாப்பிங், கட்டுக்கடங்காத காமம் என்று புத்தி தடம் மாறும். பர்ஸும் குடும்பமும் காலியாவதற்குள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதை வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நம் மாற்றம் நமக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும்.

மூக்கு வழியாக ஆபரேஷன்

மற்ற வகைக் கட்டிகளுக்கு ஆபரேஷன்தான் முதல் வழி. வளர்ச்சி ஹார்மோன் எகிறினால் 'அக்ரோமெகலி'. கை, கால், தாடை பெரிதாகும். மோதிரம் இறுகும், ஷூ சைஸ் ஏறும், பல் இடைவெளி விழும், குறட்டை அதிரும். சர்க்கரையும் பிரஷரும் வரும். மல்யுத்த வீரர் கிரேட் காளிக்கு இந்தக் கட்டியை 2012-ல் அமெரிக்காவில் அகற்றினார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த ஐ.டி. கார்டு போட்டோவையும் இன்றைய முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொப்பை வேறு, தாடை வேறு!

கார்ட்டிசோலை ஏற்றிவிடும் கட்டி இன்னொரு வகை. முகம் நிலா போல ஊதும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். ஹார்மோனே சுரக்காமல் சும்மா வளர்ந்து நரம்பை முட்டுகிற வகையும் உண்டு.

மண்டையைத் திறக்க வேண்டுமோ என்று பயம் வேண்டாம். பெரும்பாலும் மூக்கு வழியாகவே போய்விடுகிறார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற சர்ஜன் 1907-லேயே இந்த வழியைத் திறந்துவிட்டார். இன்று எண்டோஸ்கோப் துணையோடு நடக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு 1949-ல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான், டாக்டர் ஜேக்கப் சாண்டியின் தலைமையில்.

ரிஸ்க் இல்லாமல் இல்லை. மூக்கில் தண்ணீர் போல மூளைத் திரவம் கசியலாம், அடங்காத தாகமும் சிறுநீரும் வரலாம், மிச்ச சுரப்பி சோர்ந்துபோகலாம். நிறைய கேஸ் பார்த்த சர்ஜனிடம் போனால் இவை குறையும். முழுசாக எடுக்க முடியாத கட்டிக்கு மருந்தும் கதிர்வீச்சும் இருக்கின்றன. கதிர்வீச்சின் முழுப் பலன் தெரிய வருஷங்கள் ஆகும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது... கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். 'நாளைக்குப் பார்ப்போம்' பேச்சே கூடாது. நேரே எமர்ஜென்ஸி!

அப்புறம் வாழ்க்கை?

சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், வழக்கம்போல் இன்க்ரிமென்டுக்குச் சண்டை போடுகிறார்கள். ஆனால் கணக்கு ஒரேயடியாக முடிவதில்லை. சில கட்டிகள் திரும்ப வரும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று வருஷாந்திர ஆடிட் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையில் இருப்பவர்கள் ஒரு வேளைகூட தவறவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டும் விதத்தை டாக்டரிடம் முன்பே கேட்டு, பர்ஸில் ஒரு கார்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குகிறவர்களுக்கு, இதோ ரெடிமேட் வாக்கியம்: "டாக்டர், ஆறு மாசமா ஆசையே இல்ல. தலைவலியும் இருக்கு." அவ்வளவுதான்! அவர் சிரிக்க மாட்டார். தினமும் இதை நாலு பேரிடம் கேட்கிறவர் அவர். வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஆள், நாம்தான்.