பருப்பு வேகும்வரை புளிக்கு அனுமதி இல்லை!

அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததில் எலும்பில் விரிசல். ‘ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி காலை 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆக, சமையலறை என் பொறுப்புக்கு வந்தது.

எனக்கு இருந்த ஒரே தைரியம், புதிதாக வாங்கியிருந்த எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர். ‘எல்லாவற்றையும் உள்ளே போடுங்கள், பட்டனை அழுத்துங்கள், சாம்பார் ரெடி’ என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். துவரம்பருப்பு, பரங்கிக்காய், முருங்கைக்காய், புளிக்கரைசல், சாம்பார் பொடி, உப்பு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு மூடினேன்.

திறந்து பார்த்தால், பரங்கிக்காய் இருந்த இடமே தெரியவில்லை. முருங்கைக்காய் நாராகப் பிரிந்து மிதந்தது. அவ்வளவு வெந்தும் பருப்பு மட்டும் பருப்பாகவே இருந்தது. அம்மா ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துவிட்டு, “பருப்பு முழிச்சுக்கிட்டு இருக்குடா” என்றார். கோபமெல்லாம் இல்லை. “பருப்பு வேகற வரைக்கும் புளியை அது கண்ணுலயே காட்டக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

நாற்பது வருடங்களாக அவர் அப்படித்தான் செய்துவருகிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

புளி செய்யும் இரண்டு வேலைகள்

பருப்பிலும் காய்கறியிலும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூடான தண்ணீரில் அது கரையக் கரையத்தான் பருப்பு மசியும், காய் மென்மையாகும். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் கரைவது மெதுவாகிவிடும். அதனால்தான் புளித்தண்ணீரில் போட்ட பருப்பு எத்தனை விசில் வந்தாலும் முழித்துக்கொண்டிருக்கிறது.

அதே குணம்தான் காய்க்கு நல்லது செய்கிறது. புளித்தண்ணீரில் வேகும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் குழையாமல், வடிவம் கெடாமல் நிற்கும். வெண்டைக்காயின் வழவழப்பும் புளியில் அடங்கும். பருப்பைத் தனியாக வேகவைப்பது, காயைப் புளியில் கொதிக்கவிடுவது, பிறகு இரண்டையும் சேர்ப்பது என்ற பழைய வரிசைக்குக் காரணம் இதுதான்.

போர் தண்ணீரில் பருப்பு வேகாததற்கும் இதேபோல ஒரு காரணம் உண்டு. கடின நீரில் இருக்கும் கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் பருப்புக்கு மட்டுமாவது குடிநீரை ஊற்றிப் பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். சிலர் சமையல் சோடா போடுவார்கள். பருப்பு வேகும்தான், ஆனால் அதிலிருக்கும் பி1 வைட்டமின் குறைந்துவிடும்.

ஒரே குக்கர், மூன்று கட்டம்

காரணம் புரிந்த பிறகு புது குக்கரைப் பரணில் ஏற்றவேண்டிய அவசியம் வரவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன். நான்கு பேருக்கான அளவு இது.

முதல் கட்டம்: 100 கிராம் துவரம்பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்கவும். 2 டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து, எலெக்ட்ரிக் குக்கரில் 8 நிமிடம் வைக்கவும். அடுப்பில் வைக்கும் குக்கர் என்றால் 3 அல்லது 4 விசில். பிரஷர் தானாக அடங்கியதும் பருப்பை மசித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவும்.

இரண்டாம் கட்டம்: அதே குக்கரை வதக்கும் மோடில் வைத்து, எண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பெருங்காயத்தையும் அந்த எண்ணெயிலேயே பொரியவிடவும். பெருங்காயத்தின் வாசனை எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கொதிக்கும் குழம்பில் தூவினால் பாதிதான் கிடைக்கும். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை வதக்கி, புளிக்கரைசல், சாம்பார் பொடி, உப்பு, முருங்கைக்காய் சேர்த்துக் கொதிக்கவிடவும். மூடி வேண்டாம். முருங்கைக்காய் பாதி வெந்ததும் பரங்கிக்காயைப் போடவும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பரங்கிக்காய்தான் முதலில் கரையும்.

மூன்றாம் கட்டம்: பச்சை வாசனை போய், காய் வெந்த பிறகே பருப்பைச் சேர்க்கவும். ஒரு கொதி வந்ததும் நிறுத்திவிட்டு, கொத்தமல்லித்தழை தூவி மூடிவைக்கவும்.

பட்டன் சாம்பாரைவிடக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பருப்பு வேகும் நேரத்திலேயே காய் நறுக்கி, புளி கரைத்துவிட்டால் அந்த நேரமும் பெரிதாகத் தெரியாது.

கை அளவுக்கு ஒரு கணக்கு

அடுத்த சிக்கல் அளவு. “நெல்லிக்காய் அளவு புளி” என்றார் அம்மா. “எந்த நெல்லிக்காய்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இடது கையால் புளியைப் பிய்த்து உருட்டிக் கொடுத்தார். சமையலறைத் தராசில் வைத்தேன். 20 கிராம். சாம்பார் பொடி குவியலாக 2 டீஸ்பூன். உப்பைத் தட்டில் போடச் சொல்லி நிறுத்தேன், 9 கிராம். மறுநாள் மறுபடி போடச் சொன்னேன். அன்றைக்கும் 9!

“இதையெல்லாம் எதுக்குடா எழுதற?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் விழுந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, இந்தச் சமையலில் ஒன்றுகூட எங்கள் யாருக்கும் தெரியாதே என்ற நினைப்பு வந்து போனது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

உங்கள் வீட்டிலும் கை அளவில் சமைக்கும் ஒருவர் இருப்பார். செய்முறையைச் சொல்லச் சொன்னால் பாதியை விட்டுவிடுவார். அது அவருக்குப் பழகிப்போன பாதி. அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, பாத்திரத்தில் விழுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். மொபைலில் குறித்துக்கொண்டாலே போதும்.

குக்கரில் இதையெல்லாம் மறக்காதீர்கள்

இரண்டாவது வாரம் பருப்பை அதிகமாகப் போட்டுவிட்டேன். நுரை வால்வு வழியாகப் பொங்கி, மேடை முழுவதும் மஞ்சள் அபிஷேகம். நல்லவேளை, அதோடு போயிற்று. அன்றிலிருந்து கடைப்பிடிப்பவை:

* பருப்பு, பயறு வகைகளைத் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரின் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை நீராவித் துளையை அடைத்துவிடும்.

* முதல் கட்டத்தில் விடும் அரை டீஸ்பூன் எண்ணெய் இந்த நுரையைக் குறைக்கத்தான்.

* மூடுவதற்கு முன் நீராவித் துளையை வெளிச்சத்தில் பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதிசெய்யவும்.

* பிரஷர் முழுதாக அடங்காமல் மூடியை இழுத்துத் திறக்கவே கூடாது. அடுப்பில் வைக்கும் குக்கரில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடேறும். சாதாரணக் கொதிநீரைவிட அது ஆபத்து.

* கேஸ்கெட் இறுகிப்போனாலோ, வெடிப்பு விட்டாலோ உடனே மாற்றிவிடவும்.

மற்ற சமையலுக்கும் இதே விதி

ராஜ்மா, கொண்டைக்கடலை நன்றாக வெந்த பிறகே தக்காளி சேர்க்கவும். புளிக்குழம்பில் உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால், முன்பே வேகவைத்துக்கொள்ளவும். கீரையில் புளியைக் கடைசியில் சேர்க்கவும். புளிப்பில் நெடுநேரம் வெந்தால் பச்சை நிறம் மங்கிவிடும்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால், அம்மாவின் கைப்பிடியில் பழைய பலம் இன்னும் வரவில்லை. கனமான குக்கரைத் தூக்க முடியாது, புளியை அழுத்திப் பிழிய முடியாது. அதனால் பருப்பை ‘பட்டன் குக்கரில்’ அவரே வைத்துவிடுகிறார். புளி கரைப்பது என் வேலை. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பெருங்காயம்” என்று சொல்வது அவர் வேலை.

ஃபிரிட்ஜ் கதவில் சாம்பார் அளவுகள் எழுதிய தாளை ஒட்டியிருக்கிறேன். போன வாரம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு அம்மாவே கேட்டார். “வத்தக்குழம்பு எப்ப எழுதப் போற? அதுல பருப்பு கிடையாது. புளியை முதல்லயே விடலாம்!”